பின் இருக்கையில் உட்கார்ந்து வாங்க வேண்டிய வண்டி

எங்கள் முதல் எஸ்யூவியின் டேஷ்போர்டில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சைலன்சர் மாதிரி ஒரு சின்னப் படம், அதற்குள் புள்ளி புள்ளியாக. டீசல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அது எரிந்தால் ராத்திரி நானும் மகளும் கிளம்பி, ஒரு வேலையும் இல்லாமல் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் போய்த் திரும்புவோம். கரி எரிந்து தீர வேண்டுமே! மகளுக்கு அது உலா. எனக்கு, வாங்கும்போது யோசிக்காததற்குக் கட்டும் வட்டி.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. டீசல் புகைக்குழாயில் இருக்கும் அந்த வடிகட்டி கரியைச் சேர்த்து வைத்து, சூடு சுமார் 600 டிகிரியை எட்டும்போது எரித்துச் சாம்பலாக்கும். நீண்ட ஓட்டத்தில் இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். எங்கள் ஓட்டமோ பள்ளிக்கு 4 கிலோமீட்டர், அலுவலகத்துக்கு 6. இன்ஜின் சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். எரிப்பு பாதியில் நின்றால், அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஒருநாள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். குறைந்திருக்க வேண்டிய ஆயில் மட்டம் கோட்டுக்கு மேலே நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை.

வருஷத்தில் இரண்டு முறை போகும் 600 கிலோமீட்டர் பயணத்தை நினைத்து வாங்கிய வண்டி அது. மிச்சம் ஐம்பது வாரமும் அதற்கு ஒவ்வாத வாழ்க்கை. அதனால் இந்த முறை மாற்றும்போது, எந்த வண்டியையும் பார்ப்பதற்கு முன்னால், ஒரு மாதம் முழுக்க எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினோம். நான்தான் ஓட்டினேன், ஆனால் வண்டியில் கழிந்த மொத்த நேரத்தில் பெரும்பங்கு பின் இருக்கைக்காரர்களுடையது என்று அந்த நோட்டு சொன்னது. மகள், மகன், முழங்கால் வலியோடு அம்மா. ஷோரூமிலோ ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுகிறவன் நான்.

எஸ்யூவிதான் வேண்டுமா?

நான் இங்கே பேசுவது சுமார் 4.4 முதல் 4.7 மீட்டர் நீளமுள்ள ஐந்து இருக்கை 'காம்பேக்ட்' எஸ்யூவிகளைப் பற்றி. சில நாடுகளில் இதையே நடுத்தர எஸ்யூவி என்கிறார்கள். 'காம்பேக்ட்' என்ற சொல் வருஷத்துக்கு வருஷம் சதை போட்டுக்கொண்டே வருகிறது. 1994-ல் வந்த முதல் டொயோட்டா ரேவ்4 மூன்று கதவோடு கிட்டத்தட்ட 3.7 மீட்டர்தான். அதே பெயரின் ஐந்தாம் தலைமுறை 4.6 மீட்டர். நம் கார் நிறுத்துமிடம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அளவெடுக்கும்போது சைடு மிரர் விரிந்த நிலையில் உள்ள அகலத்தை எடுங்கள். கம்பெனித் தாளில் பெரும்பாலும் மிரர் இல்லாத அகலம்தான் இருக்கும்.

அதுவரை எஸ்யூவி என்றால் பெரும்பாலும் லாரிபோலத் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடல். ரேவ்4-ம், 1995-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சிஆர்-வியும் காரின் ஒற்றை உடலையே உயர்த்திக் கட்டிய வண்டிகள். முதல் சிஆர்-வியின் டிக்கித் தரைப்பலகையைக் கழற்றி, அடியில் மடங்கியிருக்கும் கால்களை விரித்தால் அது ஒரு மேசை! இந்த வகை வண்டியின் குணம் முழுக்க அந்த மேசையில் இருக்கிறது. மலையேறுவதற்கு இல்லை, குடும்பத்தோடு வெளியே போய் ஓரிடத்தில் உட்கார.

ஆகவே நாம் உண்மையில் காசு கொடுப்பது உயரத்துக்கு. இருக்கை இடுப்பளவில் இருப்பதால் அம்மா காலைத் தூக்கி ஏறவும் வேண்டாம், கீழே விழுவதுபோல உட்காரவும் வேண்டாம். நகர்ந்து அமர்ந்தால் போதும். குழந்தைக்கு பெல்ட் மாட்டும்போது நமக்கு முதுகு வளையாது. மேடுபள்ளத்தில் அடி தட்டாது. இதற்குக் கொடுக்கும் விலை: எடை கூடும், காற்றை எதிர்த்து நிற்கும் முகப்புப் பரப்பு கூடும், அதனால் எரிபொருள் கூடும். இன்னொரு விலையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பானெட் உயர்ந்தால் அதற்கு முன்னால் தரையில் உள்ளது மறையும். வண்டியின் முன்னே ஒரு வாளியை வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். வாளி கண்ணுக்குத் தெரியும்வரை அதை யாரையாவது வண்டியிலிருந்து தள்ளித் தள்ளி நகர்த்தச் சொல்லுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு குழந்தை நிற்கலாம். சில மாடல்களில் அந்த இடைவெளி என்னைத் திடுக்கிட வைத்தது. முன்பக்கக் கேமரா உள்ள மாடலுக்கு என் நோட்டில் தனி மதிப்பெண் உண்டு.

வீட்டில் முழங்கால் வலிக்காரர்களோ கைக்குழந்தையோ இல்லையென்றால், சாலை நன்றாக இருந்தால், ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்கோடி வரை நீண்ட தாழ்வான கார், கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே நீளத்தில் அதே அளவோ கூடவோ சாமான் ஏற்றும், குறைவாகக் குடிக்கும், வளைவில் சாயாது. மூன்று பிள்ளைகள் என்றால் நழுவு கதவு உள்ள எம்பிவியை, அதாவது குடும்ப வேனை, எந்த எஸ்யூவியாலும் அடிக்க முடியாது. நெருக்கமான பார்க்கிங்கில் பிள்ளைகள் பக்கத்து வண்டியில் கதவை இடிக்கும் சத்தமே இருக்காது. சொன்னால் கேட்பவர் குறைவு. எம்பிவி என்றாலே வயதாகிவிட்டது என்று ஒரு கூச்சம். நானும் கூசியவன்தான்.

ஏழு இருக்கை வேண்டுமென்று இந்த அளவிலேயே மூன்றாம் வரிசை உள்ளதைத் தேடாதீர்கள். 4.7 மீட்டருக்குள் செருகிய மூன்றாம் வரிசையில் பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும், டிக்கி ஒரு பைக்குக்கூடப் போதாது.

இன்ஜின் என்னும் பெரிய முடிவு

பிராண்டைவிட, கலரைவிட, விலைப் பட்டியலைவிட இந்த முடிவுதான் எட்டு வருஷம் நம்மோடு வாழும். டீசலில் தொடங்கினேன் என்பதால் அதையே முடித்துவிடுகிறேன்: தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், டிரெய்லர் இழுக்கிறவர், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வேண்டாம்.

டர்போ பெட்ரோல்தான் வாங்கும் விலையில் குறைவு. 1.5 லிட்டர் அளவிலேயே நல்ல இழுவை. ஆனால் ஒன்றரை டன் வண்டியை இழுக்க அந்தச் சின்ன இன்ஜின் டர்போவை ஓயாமல் கூப்பிடும், கூப்பிடும்போதெல்லாம் பெட்ரோல் போகும். அதனால்தான் தாளில் உள்ள மைலேஜுக்கும் நாலு பேரும் சாமானும் ஏற்றிய மைலேஜுக்கும் இவ்வளவு தூரம். குறுந்தூரக் குளிர் ஓட்டத்தில் நேரடிப் பீய்ச்சல் பெட்ரோலிலும் ஆயிலில் எரிபொருள் கலக்கும் தொல்லை உண்டு. கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே ஆயில் மாற்றுவது நல்லது. இன்ஜினோடு வரும் கியர்பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். உலர் இரட்டைக் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறிக் கியர் போடும் தானியங்கிப் பெட்டி), நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வாழ்க்கைக்கு ஆகாது, தயங்கும், உதறும். எண்ணெய் வழியாக விசை கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் குடித்தாலும் சொன்னபடி கேட்கும்.

இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டில்தான் குழப்பம் அதிகம். முதல் குழப்பம் பெயரில். 48 வோல்ட் 'மைல்ட் ஹைபிரிட்' என்பது இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும் ஒரு ஏற்பாடு. பெரும்பாலும் வண்டியை அது தனியாக ஓட்டிச் செல்லாது, மிச்சப்படுத்துவதும் சொற்பம். முழு ஹைபிரிட் வேறு ஜாதி. அதற்குள்ளும் நாலு வழி இருக்கிறது. டொயோட்டாவில் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் கோத்து வைக்கிறது. தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, வழக்கமான கியர் மாற்றம் கிடையாது. கெட்டுப்போகும் சாமான்களே குறைவு. மேட்டில் அழுத்தினால் மட்டும் இன்ஜின் ஒரே சுருதியில் ஊளையிடும். ஹோண்டாவில் பெரும்பாலான நேரம் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க மட்டுமே ஓடும், மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜின் நேரடியாக இழுக்கும். நிசானின் இ-பவரில் அந்தப் பூட்டும் கிடையாது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஊருக்குள் மின்சார கார் போலவே இருக்கும், ஆனால் நீண்ட நெடுஞ்சாலையில் பெட்ரோலை மின்சாரமாக்கி மறுபடி சுழற்சியாக்கும் இழப்பு மைலேஜில் தெரியும். ஹூண்டாயும் கியாவும் 1.6 டர்போவோடு மோட்டாரைச் சேர்த்து ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வழியாக ஓட்டுகின்றன. ஹைபிரிட் ஓட்டுகிறோம் என்ற நினைப்பே வராத ஓட்டம் அது. நிறுத்தி நிறுத்திப் போகும் வாழ்க்கைக்கு முதல் இரண்டும், கியர் மாறும் உணர்வு பிடித்தவருக்கு நாலாவதும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுக்கும் பெட்ரோல் வண்டி 1,000 லிட்டர் குடிக்கும். 18 கொடுக்கும் ஹைபிரிட் 667. மிச்சம் 333 லிட்டர். அதையும் தாண்டி 24 கொடுக்கிறது என்று ஒருவர் இன்னொரு வண்டியைக் காட்டினால் மிச்சம் இன்னும் 167 லிட்டர்தான். முதல் ஆறு கொடுத்ததில் பாதி. மைலேஜ் எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்காமல், வருஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டு, பம்பில் போடும் விலையால் பெருக்கி, இரண்டு வண்டியின் விலை வித்தியாசத்தை அதால் வகுங்கள். விடை நீங்கள் வைத்திருக்கப்போகும் வருஷங்களைத் தாண்டினால் சாதா பெட்ரோல் போதும். எங்களுக்கு விடை ஐந்து வருஷத்துக்குள் வந்தது.

வெளியே பிளக்கில் சொருகி சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட் காகிதத்தில் கனவு. 2013-ல் மிட்சுபிஷி அவுட்லேண்டர் இந்த வகையை எஸ்யூவிக்குள் கொண்டுவந்தது. பின்னால் வந்த ஐந்தாம் தலைமுறை ரேவ்4 பிளக்-இன் 18.1 கிலோவாட்-மணி பேட்டரியோடு, டபிள்யூஎல்டிபி என்னும் சோதனைக்கூட மைலேஜ் சோதனையில் 75 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போனது. பள்ளி, அலுவலகம், கடை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் தினமும் சொருக வேண்டும். சொருகாவிட்டால் கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் வண்டிதான். ஐரோப்பிய ஆணையம் வண்டிகளின் சொந்தப் பதிவுகளைத் திரட்டி 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன்கள் சாலையில் விடும் கார்பன் சோதனைக்கூட எண்ணைப்போல மூன்றரை மடங்கு. சாதா பெட்ரோல், டீசலுக்கு அந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு அளவே. உங்கள் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும். கைப்பேசிக்கே பாதி நாள் சார்ஜ் போட மறப்பவர் யோசித்துக்கொள்ளுங்கள்.

முழு மின்சாரம்? ஒரே கேள்விதான்: வண்டி தூங்கும் இடத்தில் பிளக் உண்டா? 7.4 கிலோவாட் சார்ஜர் எட்டு மணி நேரத்தில் 59 கிலோவாட்-மணி ஏற்றும், நடுத்தர பேட்டரி ஒன்று கிட்டத்தட்ட நிரம்பிவிடும். வீட்டில் வசதி இருந்தால் இதைவிட நிம்மதியான குடும்ப வண்டி இல்லை. இல்லையென்றால் வாரம் ஒருமுறை சார்ஜிங் நிலையத்தில் பிள்ளைகளோடு உட்காரத் தெம்பு வேண்டும். எஸ்யூவியின் உயர்ந்த முகப்பு மின்சாரத்தில்தான் அதிகம் கடிக்கும். 90-ல் போவதைவிட 120-ல் போனால் காற்றின் தடை கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுதல். வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறும். மேலே கூரைப்பெட்டி வேறு வைத்தால் கேட்கவே வேண்டாம். அறிவித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு நெடும்பயணத்தைத் திட்டமிடுவது என் வழக்கம். குளிர்காலத்தில் அதற்கும் கொஞ்சம் கீழே.

பின் கதவைத் திறங்கள்

ஷோரூமுக்குப் போகும்போது மூன்று சாமான் எடுத்துப் போனோம்: மகனின் குழந்தை இருக்கை, மடக்கிய தள்ளுவண்டி, ஒரு இஞ்ச் டேப். அம்மாவும் வந்தார். விற்பனையாளர் முன் கதவைத் திறந்து பிடித்தார். நான் பின்னால் போனேன்.

பின் கதவு எவ்வளவு விரியும் என்பது விளம்பரத்தில் அபூர்வமாகத்தான் வரும். சிஆர்-வியில் கிட்டத்தட்ட 90 டிகிரி, செங்குத்தாகத் திறக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடம்பைத் திருகாமல் உள்ளே சாய முடிகிறது. வேறொரு வண்டியில் கதவு பாதியில் நின்றது, குழந்தை இருக்கையைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது. தினமும் நாலு முறை, வருஷம் முழுக்க.

பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால் மாட்டிப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதிப்படி அமைந்த இருக்கையில் 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே உட்கார வேண்டும். அந்த இருக்கை முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளுகிறது, அதன்பின் உங்கள் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா என்பதுதான் உண்மையான கால்வைப்பு அளவு. குழந்தை இருக்கையை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுங்கள். சிலவற்றில் பிளாஸ்டிக் மூடியோடு பளிச்சென்று தெரியும். சிலவற்றில் மெத்தையின் மடிப்புக்குள் நகம் உடையத் தேட வேண்டும். நடு இருக்கையில் பெரும்பாலும் அந்தக் கொக்கி இருக்காது. மூன்று குழந்தை இருக்கை வரிசையாக வைக்க முடியும் என்று யாராவது சொன்னால், வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்புச் சோதனையிலும் பின் இருக்கை நெடுநாள் மறந்த பிள்ளைதான். முன்னிருக்கைக்கு வந்த பெல்ட் இறுக்கிகளும் விசைக் கட்டுப்பாடும் பின்னால் வரத் தாமதமானது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் 2022 இறுதியில் தன் முன்மோதல் சோதனையைத் திருத்தி, ஓட்டுநருக்குப் பின்னால் சின்ன உருவமுள்ள ஒரு பொம்மையையும் உட்கார வைத்தது. முதல் சுற்றில் 15 சின்ன எஸ்யூவிகள். 'நன்று' வாங்கியவை இரண்டே: ஃபோர்டு எஸ்கேப், வோல்வோ எக்ஸ்சி40. முன்னால் எல்லா நட்சத்திரமும் வாங்கிய பெயர்களெல்லாம் அங்கே திணறின. பிறகு பலர் திருத்திக்கொண்டார்கள். ஆகவே மொத்த நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தாமல், பின் இருக்கை மதிப்பெண்ணையும் சோதித்த வருஷத்தையும் பாருங்கள். பழைய வருஷத்து ஐந்து நட்சத்திரமும் இந்த வருஷத்து ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

டிக்கியின் லிட்டர் கணக்கு இன்னொரு மாயம். ஜெர்மன் கார் தொழில் சங்கத்தின் விடிஏ முறையில் 20 × 10 × 5 சென்டிமீட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். ஆனால் ஒரு கம்பெனி மேல்மூடி வரை எண்ணும், இன்னொன்று கூரை வரை எண்ணும், மூன்றாவது தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்த்துக்கொள்ளும். 500-ம் 600-ம் ஒப்பிடவே முடியாமல் போகும். தள்ளுவண்டியைப் போட்டுக் கதவை மூடிப் பார்ப்பதுதான் என் விடிஏ. அதோடு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். இரண்டு வண்டிக்குள் 8 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. கனமான பெட்டியை ஏற்றும் முதுகுக்கு அந்த 8 சென்டிமீட்டர் தெரியும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று தரையைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள். ஹைபிரிட், மின்சாரம் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு பசைப் பாட்டிலும் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்திய துளையை அது அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது.

நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா

பெரும்பாலோருக்கு வேண்டாம். இந்த வகை வண்டிகளில் வரும் ஆல்வீல் டிரைவ், பெரும்பாலும் முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரத்துக்கும் விசை அனுப்பும் ஏற்பாடு. கிளம்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கு உதவாது, அது டயரின் வேலை. பனி உறையும் ஊரில் இரு சக்கர இழுவையும் நல்ல குளிர்கால டயரும், நாலு சக்கர இழுவையும் சாதா டயரும் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். சேறு, மலைப்பாதை, டிரெய்லர் உள்ளவர்கள் வாங்கட்டும். வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு டயர் கிழிந்தாலும் நாலின் தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் பல நேரம் ஒன்றோடு முடியாது.

டயர் என்றதும் ஒரு சண்டை ஞாபகம் வருகிறது. மேல் வேரியன்ட்டின் 19 அங்குலச் சக்கரம் எனக்குப் பிடித்திருந்தது. மனைவி டேப்பை எடுத்தார். 225/65 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 146 மில்லிமீட்டர். 235/50 ஆர்19-ல் 117.5. சாலையின் குழிக்கும் அம்மாவின் முதுகுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் ரப்பர் குறைகிறது. அதோடு 19 அங்குல டயர் மாற்றும்போது விலையும் அதிகம். சண்டை அங்கேயே முடிந்தது.

பெயர் சொல்லி ஒரு சுற்று

ரேவ்4: கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் தேர்வு என்று ஆகிவிட்டது, அதனாலேயே பழைய வண்டிக்கும் விலை குறையாது. 2025-ல் காட்டிய ஆறாம் தலைமுறையில் சாதா பெட்ரோலே இல்லை. ஹைபிரிட் அல்லது பிளக்-இன்தான். நாலு சக்கர ஹைபிரிட்டில் பின் சக்கரத்துக்குத் தனி மோட்டார், நடுவே சுழலும் தண்டு கிடையாது. பழைய ஐந்தாம் தலைமுறையை வாங்குகிறவர், குறிப்பாகச் சாலையில் உப்பு தூவும் ஊர்க்காரர், பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்; அந்தப் புகார் பரவலாக எழுந்த ஒன்று. ஓட்டத்தில் சத்தம் கொஞ்சம் அதிகம்.

சிஆர்-வி பின் இருக்கைக்காரர்களின் வண்டி. கதவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கால்வைக்கும் இடம் தாராளம். இருக்கும் பொத்தான்கள் பொத்தான்களாகவே இருக்கின்றன. உற்சாகம் தேடுகிறவர் இதில் அலுத்துப்போவார்.

உற்சாகத்துக்கு மாஸ்டா சிஎக்ஸ்-5. 2012-ல் இருந்து ஸ்டீயரிங்கின் பேச்சை ஒழுங்காகக் கேட்கும் எஸ்யூவி என்ற பெயரைக் காப்பாற்றி வருகிறது. பெரும்பாலும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். பழைய பாணி என்று சிரிக்கலாம், பத்தாம் வருஷத்தில் சிரிப்பு யாருடையது என்று தெரியும். பின் இடமும் டிக்கியும் போட்டிக்காரர்களைவிடக் குறைவு. 2025-ல் காட்டிய மூன்றாம் தலைமுறை நீண்டிருக்கிறது. ஆனால் கையால் உணர்ந்து திருப்பும் சுழல் குமிழை எடுத்துவிட்டுப் பெரிய தொடுதிரையை வைத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொடும் பொத்தான் இல்லாத வண்டிக்கு மதிப்பெண் குறைக்கும் நேரத்தில், இவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்.

சுபாரு ஃபாரெஸ்டரை அழகு பார்த்து யாரும் வாங்குவதில்லை. 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, நாலு பக்கமும் அகன்ற கண்ணாடி, மெலிந்த தூண்கள். உட்கார்ந்தால் மீன்தொட்டிக்குள் இருப்பதுபோல எல்லாம் தெரியும். பின்னால் உட்கார்ந்து குமட்டும் பிள்ளைகளுக்கு இது மருந்து. என் மகள் அப்படிப்பட்டவள். மைலேஜ்தான் இதன் பலவீனம், ஹைபிரிட் வந்து அதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறது.

ஹூண்டாய் டூசானும் கியா ஸ்போர்ட்டேஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெட்ரோல், ஹைபிரிட், பிளக்-இன் என்று ஒரே உடலில் எல்லாம் கிடைக்கும் என்பதால் முடிவெடுக்க முடியாதவருக்கு வசதி. டிக்கியும் பின் இடமும் நன்று. நிசான் காஷ்காய் இந்த அளவில் சின்னது, 4.4 மீட்டர் அளவு. பார்க்கிங் நெருக்கடி உள்ளவர்களுக்கு அதன் இ-பவர் பொருந்தும். மின்சாரத்தில் டெஸ்லா மாடல் ஒய்க்கு முன்னும் பின்னும் சாமான் இடம் உண்டு, ஆனால் எதற்கெடுத்தாலும் திரையைத் தொட வேண்டும். ஸ்கோடா என்யாக் 585 லிட்டர் டிக்கியோடு, குடும்பத்தை நினைத்துச் செய்ததுபோல் சாதுவாக இருக்கிறது. எனக்கு வீட்டில் பிளக் இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வாங்கிய பிறகு

சின்னச் சின்னதாகத்தான் செலவு வரும். ஹைபிரிட் பேட்டரி உட்கார்ந்திருக்கும் பின் இருக்கைக்கு அருகில் காற்று இழுக்கும் ஒரு வலைத்துளை பலவற்றில் உண்டு. அதன்மேல் பையை வைத்து அடைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ஹைபிரிட் பார்க்கப் போன ஓரிடத்தில் அந்த மூடியைக் கழற்றினேன். உள்ளே கம்பளம்போல நாய் முடி. உரிமையாளருக்கு அப்படி ஒரு வடிகட்டி இருப்பதே தெரியாது. சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் ஒழுங்காக விழுந்திருந்தது.

ஹைபிரிட்டிலும் மின்சாரத்திலும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடு நெடுநாள் வரும். அதனாலேயே வேலையில்லாத டிஸ்க்கில் துரு ஏறும். அவ்வப்போது காலி சாலையில் அழுத்திப் பிடித்துத் துடைக்க வேண்டும். ரெண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்தால் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்து வண்டி கண்ணே திறக்காது. முன் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியோடு முடியாது: அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கேமராவை மறுபடி அளவு சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது அது அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ் கடைசி நாள் இரண்டு வண்டிகள் மிச்சமிருந்தன. நான் ஓட்டவில்லை. மனைவி ஓட்ட, அம்மாவோடும் பிள்ளைகளோடும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முதல் வண்டியில் பனோரமா கண்ணாடிக் கூரை, 19 அங்குலச் சக்கரம், தோல் இருக்கை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மேல் கைப்பிடியைப் பிடித்தார். விடவே இல்லை. இரண்டாவது, துணி இருக்கையும் 17 அங்குலமும் உள்ள கீழ் வேரியன்ட் ஹைபிரிட். அதே சாலை, அதே வேகத்தடை. அம்மா மகளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. இறங்கும்போது காலைத் தரையில் ஊன்றிவிட்டு, "இதுல யாரும் கை குடுக்க வேணாம்டா" என்றார்.

விற்பனையாளர் மேல் வேரியன்ட்டின் தாளை இன்னும் கையில் வைத்திருந்தார்.